என் கமராவுக்குப் பொருந்துவது

டிக்கோயா
21 ஜனவரி 2025

அன்புள்ள மச்சானுக்கு,

போனில் பேசினால் புருசனும் பெண்சாதியுமாகக் கத்துகிறோம். நேற்று நீங்கள் பாதியில் வைத்துவிட்டீர்கள், நானும் திரும்ப எடுக்கவில்லை. அதனால்தான் இந்த மின்னஞ்சல். எழுதினால் இடையில் மறித்துப் பேச முடியாது அல்லவா.

சோலைமலை அண்ணன் மகள் லோஜினியின் கல்யாணத்தில் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை. "யாரக் கேட்டு ஒத்துக்கிட்ட?" என்றுதான் கேட்டீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் மண்டபத்தில் முகூர்த்தம். தோஹாவுக்குப் போகும்போது நம் போட்டோக் கடையில் நீங்கள் விட்டுப்போன மூன்று பிளாஷையும் கொண்டுபோனேன். ஒன்று என் கமராவின் மேல். மற்ற இரண்டையும் மேடையின் இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் நிறுத்தினேன். பக்கத்து வீட்டுப் பூரணி ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டாள். இப்போதெல்லாம் கல்யாணங்களுக்கு அவள்தான் என்னோடு வருகிறாள்.

அந்த இரண்டும் இன்னொரு பிளாஷின் வெளிச்சத்தைக் கண்டுதான் அடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். யாருடைய வெளிச்சம் என்று அவற்றுக்குத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் கண்டியிலிருந்து தனியாக ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். அவர் அடிக்கும்போதெல்லாம் நம்முடையவையும் சேர்ந்து அடித்தன. கெட்டிமேளம் தொடங்கியதும் அவர் விடாமல் அமுக்கினார். மாப்பிள்ளை தாலியை லோஜினியின் கழுத்துக்குக் கொண்டுபோன நேரத்தில் நான் அமுக்கியபோது இரண்டு பக்கமும் சார்ஜ் ஏறாமல் செத்துக்கிடந்தன. என் கமராவின் மேல் இருந்தது மட்டும் மினுக்கென்று அடித்து ஓய்ந்தது. அடுத்தடுத்து எடுத்த எல்லாமே இருட்டு. லோஜினியின் மூக்குத்தி ஒரு புள்ளியாகத் தெரிகிறது. வேறு எதுவும் இல்லை.

மண்டபத்தில் யாருக்கும் தெரியாது. பந்தியில் சோலைமலை அண்ணன் என் இலைக்கு முன்னால் வந்து நின்று, "தாலி கட்டுனது நல்லா வந்துச்சா புள்ள?" என்று கேட்டார். "பாத்துட்டு சொல்றேன்ணே" என்றேன். இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

இனிமேல் ரேடியோ ட்ரிகர்தான் வேண்டும். கமராவின் மேல் ஒரு சின்னப் பெட்டி. அது அனுப்பும் சமிக்ஞைக்கு என் பிளாஷ்கள் மட்டும் அடிக்க வேண்டும். அதில் பல வகை இருக்கிறதாம், எதை வாங்குவது என்று தெரியவில்லை. மார்ச் இரண்டாம் திகதி நோட்டன் பிரிட்ஜில் ஒரு கல்யாணம் ஒத்துக்கொண்டிருக்கிறேன். சண்டையை ஓரமாக வைத்துவிட்டு இதை மட்டும் சொல்லுங்கள்.

சுதர்ஷினி


தோஹா
24 ஜனவரி 2025

சுதாவுக்கு,

படித்தேன். அந்த பிளாஷ்களை வைத்து நான் எத்தனை கல்யாணம் எடுத்திருக்கிறேன் என்று உனக்கே தெரியும். ஒரு தாலியும் தப்பவில்லை. இன்னொருவன் மண்டபத்தில் இருந்தால் முதலில் அவனிடம் போய்ப் பேச வேண்டும். "அண்ணே, தாலி நேரத்துல கொஞ்சம் பாத்து அடிங்க" என்று சொன்னால் எவனும் கேட்பான். நீ பேசியிருக்க மாட்டாய். பேசக் கூச்சப்பட்டுக்கொண்டு மூலையில் நின்றிருப்பாய். குறை பிளாஷில் இல்லை.

ட்ரிகர் வாங்காதே. காரணம் சொல்கிறேன். எல்லா ட்ரிகரும் எல்லாக் கமராவிலும் உட்காராது. கமராவின் தலையில் பிளாஷ் மாட்டும் இடத்தில் உள்ள முனைகள் கம்பனிக்குக் கம்பனி வேறு. என் கமராவுக்கு வாங்கினால் உன் கமராவில் வேலை செய்யாது. உன்னுடையதற்கு வாங்கினால் என்னுடையதில் வேலை செய்யாது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேறு கம்பனிக் கமரா ஒன்றை வாங்கிவைத்துக்கொண்டு இப்போது அதற்கு ட்ரிகரும் கேட்கிறாய். ஒரு கடையில் இரண்டு கம்பனிச் சாமான் வைத்துப் பிழைக்க முடியாது.

என் கமரா அலுமாரியில் இருக்கிறது. அதையே எடு. அதற்குப் பொருந்தும் ட்ரிகரை நான் வரும்போது இங்கிருந்து கொண்டுவருகிறேன்.

நோட்டன் பிரிட்ஜ் வேலையைத் திலக்ஷனிடம் கொடுத்துவிடு. என்னோடு லைட் பிடித்துப் பழகியவன், தலவாக்கலையில் தனியாக நன்றாகச் செய்கிறான். பெண்பிள்ளை ஒருத்தி மழையிலும் பனியிலும் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

சோலைமலை அண்ணனிடம் நான் பேசுகிறேன்.

வினோஜன்


டிக்கோயா
2 பெப்ரவரி 2025

மச்சானுக்கு,

சோலைமலை அண்ணனிடம் நீங்கள் பேச வேண்டாம். நானே பேசிவிட்டேன். அவர் லோஜினியையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். ஒளிக்கவில்லை, இருட்டுப் படங்களைக் கம்பியூட்டரில் போட்டுக் காட்டினேன்.

அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "அப்ப இன்னொரு தரம் தாலி கட்டச் சொல்லப்போறீங்களா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இல்லண்ணே. அதுக்கு வழி இல்ல. தப்பு என்னோடதுதான்."

"ஒங்க வீட்டுக்காரரு இருந்திருந்தா இப்படி நடந்திருக்குமா?"

லோஜினிதான், "அப்பா, விடுங்க" என்று அவர் கையைப் பிடித்தாள். அவளுடைய சின்னம்மா மகள் போனில் எடுத்த படம் ஒன்று இருந்தது. கலங்கல்தான், ஆனால் முகங்கள் தெரிகின்றன. அதைச் சரிசெய்து பெரிதாக அடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்கள். போன வாரம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் சோலைமலை அண்ணன் என்னைக் கண்டும் காணாதது போலப் போனார். அது இனி அப்படித்தான்.

உங்கள் கமராவை எடுத்துப் பார்த்தேன். லென்சுக்குள் பூஞ்சணம் வேர்விட்டிருக்கிறது. ஷட்டர் மூன்று தரத்துக்கு ஒரு தரம் சிக்குகிறது. இந்த ஊர்ப் பனியில் பூட்டிய அலுமாரிக்குள் இரண்டு வருசம் கிடந்தால் வேறென்ன ஆகும்? கண்டியில் ஒரு கமராக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். திருத்துவதற்குச் சாமான் வருவதில்லை என்றார்கள்.

அந்தக் கடையிலேயே ட்ரிகரும் பார்த்தேன். இரண்டு வகை சொன்னார்கள். முதலாவது, நடுவில் ஒரே ஒரு முனை உள்ளது. எந்தக் கமராவிலும் உட்காரும், உங்கள் பழைய பிளாஷ்களையும் மாட்டலாம். ஆனால் 'அடி' என்று சொல்ல மட்டும்தான் அதற்குத் தெரியும். வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ ஒவ்வொரு ஸ்டாண்டாக நடந்துபோக வேண்டும். இரண்டாவது, ஒரே கமராக் கம்பனிக்கென்று செய்தது. பிளாஷுக்குள்ளேயே ரேடியோ இருக்கிறது. நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் மாற்றலாம். ஆனால் நீங்கள் சொன்னது போல, ஒரு கம்பனியோடு கட்டுப்பட வேண்டும்.

முதலாவதை வாங்கிவந்து சோதித்தேன். பூரணி ஒரு பிளாஷோடு லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் போய் நின்றாள். பனியில் அவளே தெரியவில்லை. அமுக்கினேன். சுவருக்கு அந்தப் பக்கம் பனி முழுக்க வெள்ளையாக எரிந்தது. எனக்கு வந்த சந்தோசத்தைக் கேட்காதீர்கள். ஆனால் ஆறேழு தரம் அடித்ததும், "அக்கா, இந்த வாட்டி அடிக்கல!" என்று சத்தம் போட்டாள். பிறகு மறுபடியும். வெயில் வந்ததும் ஷட்டர் வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன். படத்தின் கீழே பாதிக்குக் கறுப்புப் பட்டை விழுந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். தாலி நேரத்தில் அடிக்குமா அடிக்காதா என்று வேண்டிக்கொண்டு நிற்க என்னால் இனி முடியாது.

இன்னொன்று. நம் கடைக் கட்டடத்தின் முதலாளி பியதாச நேற்று வந்து, "நோனா, கடையைத் திலக்ஷனுக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னார்களே, எப்போது காலி செய்கிறீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார். அது என்ன கதை?

சுதர்ஷினி


தோஹா
6 பெப்ரவரி 2025

சுதர்ஷினிக்கு,

நானே உன்னிடம் சொல்ல இருந்தேன். திலக்ஷன் முந்திக்கொண்டு முதலாளியிடம் வாயை விட்டுவிட்டான்.

இங்கே இன்னும் இரண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கடையைச் சும்மா பூட்டிவைக்க முடியாது. திலக்ஷன் அதை எடுத்து நடத்துவான், பெயரும் அப்படியே இருக்கும். நான் வந்ததும் திருப்பித் தருவான். முற்பணமும் தந்துவிட்டான். உனக்கு மாதாமாதம் நான் அனுப்புவது போதும். நீ வீட்டில் இருந்து ஆல்பம் வேலை செய்யலாம், அவன் படம் தருவான். இதில் உனக்கு என்ன குறை?

நீ நினைப்பது போல உன்னை மட்டம்தட்டுவதற்காக இல்லை. ஒரு தாலியைத் தவறவிட்டால் அந்த ஊரில் பெயர் போய்விடும் என்று எனக்குத் தெரியும். சோலைமலை அண்ணன் கேட்டாரே, நான் இருந்திருந்தால் நடந்திருக்குமா என்று. எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். நீ அதைக் கேட்டுக்கொண்டே எத்தனை நாளைக்கு நிற்பாய்?

வாங்காதே என்று சொன்னேன். அதற்குப் பிறகும் நீ வாங்குவாய். அதனால் சொல்லிவைக்கிறேன். வாங்கினால் பெட்டியிலிருந்து எடுத்தபடியே வைக்காதே. எல்லா ட்ரிகரும் ஒன்றாம் சனலில், அதாவது ஒரே அலைவரிசையில்தான் வரும். வாங்குகிறவன் எல்லாம் அதிலேயே விட்டுவிடுவான். அதே கம்பனி ட்ரிகரோடு இன்னொருவன் மண்டபத்துக்கு வந்தால், அவன் விரல் உன் பிளாஷை அடிக்கும். திரும்பவும் லோஜினி கதைதான். சனலையும் அதோடு வரும் அடையாள எண்ணையும் மாற்று. யாரிடமும் சொல்லாதே. பற்றரியை முதல் நாளே சார்ஜ் ஏற்று. இங்கே அப்படித்தான் செய்கிறார்கள்.

ஆனால் வாங்காதே.

வினோஜன்


டிக்கோயா
8 பெப்ரவரி 2025

வினோஜன் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதி அழித்தேன்.

இரண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டது நீங்கள். கடையைக் கொடுத்தது நீங்கள். முற்பணம் வாங்கியது நீங்கள். நான் எங்கே இருந்தேன்? இதே டிக்கோயாவில்தான் இருந்தேன், கையில் போனோடு. ஒரு நிமிசம் எடுத்துச் சொல்லியிருக்கலாம். மாதம் தவறாமல் வாடகையைக் கொண்டுபோய்க் கொடுப்பவள் நான். சுவரில் ஈரம் ஏறியபோது சுண்ணாம்பு அடித்தவள் நான். நீங்கள் போகும்போது, "கடைய பாத்துக்க சுதா" என்றுதானே சொன்னீர்கள்? "வச்சிரு, வேற ஆளுக்குக் குடுக்கிற வரைக்கும்" என்று சொல்லவில்லையே.

முதலாளியிடம் போனேன். "நான் காலி செய்யவில்லை" என்றேன். அவர், "வாடகை கொடுப்பது நோனாதான். நோனா சொல்வதுதான் எனக்குக் கணக்கு" என்றார். இரண்டாவது சாவி திலக்ஷனிடம் இருப்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பூட்டை மாற்றிவிட்டேன்.

ட்ரிகரையும் வாங்கிவிட்டேன். இரண்டாவது வகை. ரேடியோ உள்ளேயே இருக்கிற இரண்டு பிளாஷ், கமராவின் மேல் ஒரு பெட்டி. கடன் இல்லை, அதற்குமேல் கேட்காதீர்கள். எந்தக் கம்பனிக்கு என்று கேட்பீர்கள். என் கமராவுக்கு. கண்டிக் கடையில், "வீட்டுல வேற கம்பனிக் கமரா ஏதும் இருக்கா அக்கா? யோசிச்சு வாங்குங்க, பொறகு மாத்த ஏலாது" என்றார்கள். யோசித்தேன். வீட்டில் இருப்பது பூஞ்சணம் பிடித்த ஒன்று. அதை அங்கே சொல்லவே கஷ்டமாக இருந்தது. ஆனாலும் வாங்கினேன்.

நோட்டன் பிரிட்ஜ் கல்யாணத்தை நான்தான் எடுக்கிறேன்.

சுதர்ஷினி


தோஹா
10 பெப்ரவரி 2025

நீ செய்தது சரியில்லை. திலக்ஷனுக்கு நான் என்ன முகத்தோடு பதில் சொல்வது? இனி உன் இஷ்டம். அந்தக் கல்யாணத்தில் ஏதாவது நடந்தால் என்னிடம் வராதே.

வினோஜன்


டிக்கோயா
4 மார்ச் 2025

மச்சானுக்கு,

வராதே என்றீர்கள். வரவில்லை; நடந்ததைத் தெரிவிக்க மட்டும் எழுதுகிறேன். திலக்ஷன் தன் பங்குக்கு உங்களிடம் சொல்லியிருப்பான். என் வாயாலும் கேளுங்கள்.

நோட்டன் பிரிட்ஜ் மண்டபத்துக்கு நானும் பூரணியும் விடியும்போதே போய்விட்டோம். நல்ல மழை. இரண்டு பிளாஷையும் நிறுத்திவிட்டுத் திரும்பினால், மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் திலக்ஷன் பெரிய லைட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தான். அவர்கள் அவனைக் கூப்பிட்டிருந்தது எனக்குத் தெரியாது. கரண்டில் ஓடும் ஸ்டூடியோ லைட்டுகள், நாலு. அவற்றுக்குப் பக்கத்தில் என்னுடைய இரண்டும் விளையாட்டுச் சாமான் போல இருந்தன. அவன் கமராவின் மேலும் ட்ரிகர்தான். என்னுடையதைச் செய்த அதே கம்பனியின் பெட்டி, அவன் கமராவுக்குப் பொருந்துவது. நீங்கள் சொன்னபடி என் சனலை முன்பே மாற்றிவைத்திருந்தேன்.

"அக்கா, பூட்ட மாத்திட்டீங்களாமே" என்றான், சிரித்துக்கொண்டு.

"ஆமா. சாவிய நீங்களே வச்சுக்கங்க, ஞாபகத்துக்கு."

பெண் மணமேடைக்கு வரும் நேரம். எங்கேயோ ஒரு மரம் விழுந்து கம்பி அறுந்ததாம். மண்டபம் முழுக்க இருண்டது. நாதஸ்வரம் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது. "அணை கட்டிக் கரண்டு எடுக்கிற ஊருல கரண்டு இல்ல பாருங்க அக்கா" என்றாள் பூரணி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐயர், "முகூர்த்தம் போயிடும், விளக்குப் போதும்" என்று சொல்லிவிட்டார். குத்துவிளக்குகளைக் கிட்டே நகர்த்தினார்கள். திலக்ஷனின் நாலு லைட்டும் அணைந்துபோயின. என்னுடையவை பற்றரியில் நின்றன.

அவன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"அக்கா, ஒங்க சனல் நம்பர சொல்லுங்க. அதே கம்பனிதான். என் பெட்டியில போட்டா ஒங்க பிளாஷ் எனக்கும் அடிக்கும்."

"இப்ப ஏலாது தம்பி."

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க என்னைய கொன்னுருவாங்க அக்கா. எப்புடியும் அண்ணன் பேசின மாதிரி கடையெல்லாம் ஒன்னாத்தானே ஆகப்போகுது. ஒரு நம்பருதானே?"

மச்சான், அந்த நேரத்தில் நான் கோபத்தில் மறுத்தேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். கோபம் இருந்தது. ஆனால் மறுத்தது அதனால் இல்லை. இரண்டு விரல் ஒரே பிளாஷை அடித்தால் என்ன ஆகும் என்று லோஜினியின் கல்யாணத்தில் என் கண்ணால் பார்த்தேன். அவன் அமுக்கி முடிந்து சார்ஜ் ஏறும் நேரத்தில் நான் அமுக்குவேன். ஒருவருக்கு இருட்டு. யாருக்கு என்று யாராலும் சொல்ல முடியாது.

"தாலி ஏறட்டும். அதுக்கப்புறம் நம்பரும் தாறேன், லைட்டும் தாறேன். இப்ப எடுக்கிறத ரெண்டு வீட்டுக்கும் குடுக்கிறேன். போய் அவங்ககிட்ட சொல்லுங்க."

"அக்கா..."

"நான்தான் எடுப்பேன் திலக்ஷன். தள்ளிக்கங்க."

அவன் விலகவில்லை. மாப்பிள்ளையின் மாமா ஒருவர், "யாரும்மா நீ? எங்க கமராக்காரர போட்டோ எடுக்க விட மாட்டியா?" என்று கத்தினார். முன்வரிசை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த நேரம் பெண்ணின் அம்மா, சிவசாமி அண்ணன் சம்சாரம், எழுந்து வந்து, "நாங்க கூப்பிட்ட புள்ள அவ. அவ எடுக்கட்டும்" என்றார். அவருக்கு லோஜினி விசயம் தெரியும். தெரிந்த பிறகும் என்னை மாற்றவில்லை. நான் இதுவரைக்கும் அதை உங்களிடம் சொல்லவில்லை.

கமராவுக்கு அந்த இருட்டில் முகம் பிடிபடவில்லை. விளக்கின் சுடர் தாலியில் பட்டுத் தெறித்த இடத்தில் ஃபோக்கஸ் வைத்தேன். ஒரு பிளாஷ் தூணுக்குப் பின்னால் மறைந்திருந்தது, என் பார்வையிலேயே இல்லை. அது அடிக்குமா என்று ஒரு நொடி நினைத்தேன். கெட்டிமேளம் கேட்டது. அமுக்கினேன்.

அடித்தது. திரும்பவும் அமுக்கினேன். அடித்தது. நான் நின்ற இடத்திலிருந்தே இடதுபக்க வெளிச்சத்தைக் குறைத்தேன். மறுபடி அமுக்கினேன். முதல் முடிச்சு, இரண்டாவது, நாத்தனார் போட்ட மூன்றாவது. எல்லாம் வந்தன.

பிறகு சொன்னபடி சனலையும் அடையாள எண்ணையும் திலக்ஷனிடம் கொடுத்தேன். கரண்டு வரும்வரைக்கும் ஆள் மாற்றி ஆள் எடுத்தோம். போகும்போது அவன், "அண்ணன்கிட்ட நான் ஒன்னும் சொல்ல மாட்டேன் அக்கா" என்றான். "சொல்லுங்க, எல்லாத்தையும் சொல்லுங்க" என்றேன்.

படங்களை இதோடு அனுப்புகிறேன். பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி.

சுதர்ஷினி


தோஹா
16 மார்ச் 2025

சுதா,

பார்த்தேன். வந்த அன்றே பார்த்தேன். பதில் எழுதத்தான் இவ்வளவு நாள்.

இரண்டாவது முடிச்சுப் படத்தில் பெண்ணின் அம்மா கையைக் கூப்பிக்கொண்டு ஓரத்தில் நிற்கிறார். அவர் முகத்தில் விழும் வெளிச்சம் தூணுக்குப் பின்னால் இருந்து வந்தது என்று நீ எழுதியிருக்காவிட்டால் என்னால் கண்டுபிடித்திருக்க முடியாது. அந்தப் படத்தை நான் எடுத்திருக்க மாட்டேன். தாலியை மட்டும் எடுத்திருப்பேன்.

திலக்ஷன் போன் எடுத்தான். சண்டைக்கு எடுத்தான் என்று நினைத்தேன். "அண்ணே, முற்பணத்த திருப்பித் தாங்க, எனக்கு அந்தக் கட வேணாம். அக்கா இருக்கிற எடத்துல நான் போய் ஒக்கார ஏலாது" என்றான். அனுப்பிவிட்டேன்.

இங்கே என் வேலையைப் பற்றி நான் உனக்கு விவரமாகச் சொன்னதில்லை. ஹோட்டல் விருந்துகளில் படம் எடுப்பது வேறு ஒருவர். நான் லைட் தூக்குகிறேன். வந்த புதிதில் சில நாள் கமரா தந்தார்கள், அவ்வளவுதான். ஊரில் என் பெயரில் ஒரு கடை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் இந்த ஸ்டாண்டுகளைத் தூக்குகிறேன். நீ என் கமராவில் பூஞ்சணம் என்று எழுதினாய். பிறகு உன் கமராவுக்கென்று ட்ரிகர் வாங்கினாய். எனக்கு அங்கே மாட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று பட்டது. அந்த ஆத்திரத்தில்தான் அந்த இரண்டு வரிக் கடிதத்தை எழுதினேன்.

ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. முறித்தால் பாஸ்போர்ட்டில் பிரச்சினை வரும் என்கிறார்கள். அடுத்த வருசம் சித்திரைக்கு லீவு கிடைக்கும். அதுவரை கடையை நீயே நடத்து. நான் இனிக் குறுக்கே வரமாட்டேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நான் வரும்போது எனக்கு அங்கே இடம் இருக்குமா?

வினோஜன்


டிக்கோயா
23 மார்ச் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் லைட் தூக்குகிறீர்கள் என்று படித்ததும் கடையை அடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தேன். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் உங்களைக் குறைவாக நினைத்திருப்பேனா? பூரணி எனக்கு ஸ்டாண்ட் பிடிக்கிறாள். அவள் இல்லாமல் அந்த இருட்டில் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது. உங்கள் கோபத்தைவிட இதை நீங்கள் மறைத்ததுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. ஆனாலும் சொல்லிவிட்டீர்கள். அது போதும் என்று எழுதலாம். இன்னும் போதவில்லை. கொஞ்ச நாள் ஆகும்.

நோட்டன் பிரிட்ஜ் படங்களைப் பார்த்துவிட்டு வட்டவளையில் இருந்து இரண்டு வீட்டார் வந்தார்கள். வைகாசியில் ஒன்று, ஆவணியில் ஒன்று. மாப்பிள்ளையின் மாமா, அன்று கத்தியவர், தன் பேத்தியின் சடங்குக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார். "அன்னைக்குப் பேசினத மனசுல வச்சுக்காத" என்றார். வைத்துக்கொண்டுதான் ஒத்துக்கொண்டேன்.

உங்கள் லென்சை மட்டும் கண்டியில் சுத்தம் பண்ணக் கொடுத்திருக்கிறேன். வரும் என்று நிச்சயமாகச் சொல்லவில்லை. பார்ப்போம்.

இடம் இருக்குமா என்று கேட்டீர்கள். நேற்றுத்தான் கடைக்குப் புதுப் பலகை மாட்டினார்கள். உங்கள் பெயர் இருந்த பழையது மழையில் உப்பிப்போய் எழுத்து உரிந்துவிட்டது. எழுதுகிறவர், "என்ன பேரு போடட்டும்?" என்று கேட்டார். என் பெயரைச் சொன்னேன். "பக்கத்துல எடம் விடவா?" என்றார். வேண்டாம் என்றேன். பலகை முழுவதும் என் பெயர்தான், பெரிய எழுத்தில், நீலத்தில்.

அதைப் படித்ததும் உங்களுக்குச் சுருக்கென்று இருக்கும். இருக்கட்டும். உங்களுக்காக ஒரு மூலையை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு வருசம் நான் பாதிப் பெயரோடு நிற்க மாட்டேன். நீங்கள் வாருங்கள். வந்து அந்தப் பலகையைக் கழற்ற நீங்கள் ஏணியைப் பிடியுங்கள், நான் ஏறுகிறேன். இரண்டு பெயரும் போட்டு முழுசாக ஒன்று எழுதச் சொல்லலாம்.

சுதா